பட்டினிப் பாதி

உரம் விசிறுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை சேற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். இடுப்பில் உரம் நிறைந்த பேசினை இடுக்கிக்கொள்ள வேண்டும். முழங்கால் வரை புதைகிற காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். உடம்பு எப்படி ஆடினாலும் கை மட்டும் ஆடக்கூடாது. யூரியா ஓரிடத்தில் குவிந்தால் அங்கே பயிர் கருகருவென்று கொழுத்து, காற்றடித்தவுடன் முதல் ஆளாகச் சாய்ந்துகொள்ளும். ஓரிடத்தை விட்டுவிட்டால் அங்கே மஞ்சள் தட்டிப்போய்ச் சோகை பிடித்தவள் மாதிரி நிற்கும். விசிறியது யார் என்பதை வயலே ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் விசிறிய வயலில் கருந்திட்டும் இருக்காது, மஞ்சள் திட்டும் இருக்காது. வரப்புக்கு வரப்பு ஒரே பச்சை. அதனால் அவளுக்குக் கைராசி என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். "கைராசி வர்றாளா? அப்ப நான் காலை நீட்டிப் படுக்கலாம்" என்று விவசாயிகள் ஆளனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். தன் கைக்கு ஈடாக இன்னொரு கை கிடையாது என்ற மிதப்பு அவளுக்கும் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. மறைக்கும்படி யாரும் கேட்கவும் இல்லை.

அவள் புருஷன் மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். ஏலக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். சந்தையின் இந்தக் கோடியில் நின்று அவர் "ஒரு தரம்" என்றால் அந்தக் கோடியில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். வீட்டிலும் அதே குரல்தான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக உப்பை நீட்டுவாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட அந்த இரண்டு அறை வீட்டில் பேச்சு அவருடையது, முடிவு அவளுடையது என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதில் இருவருக்கும் குறையில்லை.

வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருந்த வயல்களை ஆராய்ச்சிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். நெல் நட்டு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் குழாய் பதித்தார்கள். குழாயெங்கும் ஊசித் துளைகள். வேலிக்கு வெளியே ஒரு பெரிய டேங்க். பாதி வட்டங்களில் அந்தத் துளைகள் வழியாகக் கரியமில வாயு பயிர் மேல் கசிந்துகொண்டே இருக்கும். மீதி வட்டங்களில் குழாய் மட்டும் உண்டு, வாயு கிடையாது. இரண்டையும் ஒப்பிடுவதற்காகத்தான். உரம் விசிற நல்ல கை வேண்டும் என்று விசாரித்தபோது ஊரே ஒரு பக்கமாகக் கையைக் காட்டியது.

பொறுப்பாளராக வந்தது ஒரு பெண். ஊசி போடத் தெரியாத டாக்டர். ஆனாலும் எல்லோரும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். கைராசியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். சேற்றில் இறங்கத் தயங்காதவள் என்பதால் கைராசிக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று.

"இந்த வாயு காத்துல வருஷா வருஷம் ஏறிக்கிட்டே இருக்குக்கா" என்றாள் டாக்டரம்மா. "வண்டிப் புகை, ஆலைப் புகைன்னு எல்லாம் சேர்ந்து. நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல காத்து எப்படி இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் காத்தை இப்பவே இந்த வட்டத்துக்குள்ள விட்டுப் பார்க்கிறோம்."

"விட்டா என்ன ஆகும்?"

"நெல்லுக்கு அதுவும் ஒரு சாப்பாடுதான். கிடுகிடுன்னு வளரும். ஆனா வளர வளர மண்ணுல இருந்தும் கூடக் கேக்கும். அப்ப யூரியா எவ்வளவு போடணும்? அதுதான் கேள்வி. அள்ளிக் கொட்டினா பயிர் சாஞ்சுடும், பூச்சி நோய் வரும், வாய்க்கால் தண்ணியும் கெட்டுப்போகும். குறைச்சா..."

"பசிக்கும்" என்று கைராசி முடித்துவைத்தாள்.

அதற்காக ஒவ்வொரு வட்டத்தையும் நடுவில் ஒரு பலகை புதைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதிக்கு முழு அளவு யூரியா, மறு பாதிக்கு அதில் பாதி. டாக்டரம்மாவே எடை போட்டுப் பைகளில் கட்டிக் கொடுப்பாள். எந்தப் பை எந்தப் பக்கத்துக்கோ அந்தப் பக்கத்தில் அது முழுக்கக் காலியாக வேண்டும். வேலை அவ்வளவுதான். இதற்கு என் கை எதற்கு, எந்தக் கையும் செய்யுமே என்று கைராசிக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

நட்டபின் தவணையாக விசிறும் மேலுரத்தில் முதலாவது போட்டாயிற்று. கொஞ்ச நாளில் வாயு விட்ட வட்டங்களில் பயிர் வெடித்துக்கொண்டு தூர் கட்டியது. குறைந்த உரம் போட்ட பாதி வெளுத்துத்தான் இருந்தது, ஆனாலும் தளரவில்லை. இதையெல்லாம் வேலிக்கு அந்தப்புறம் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து வயல்காரர். வயதானவர். விவசாயம் தொழில் என்றால் வேடிக்கை பார்ப்பது அவருக்கு உபதொழில். கைராசி பல வருடமாக அவர் வயலுக்கு உரம் விசிறுகிறாள். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, பாதி உரத்துலயே அந்தப் பக்கம் இப்படி நிக்குதே! அப்ப மீதியைக் காத்தே ஊட்டிடுது" என்றார்.

"உங்க வயல்லதான் வாயு இல்லையேண்ணே."

"வாயு என்ன வேலி பார்த்தா வரும்? எனக்கும் கொஞ்சம் வராமலா போயிடும்?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தன் வயலுக்கு அந்த வருடம் மேலுரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். போதும் போதும் என்று பேசினைப் பிடித்துத் தடுத்தவரிடம் அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவர் வயல், அவர் உரம்.

இரண்டாம் மேலுரத்துக்கு முன்னால் டாக்டரம்மா பயிர் வரிசைகளுக்கு நடுவே அகலமான தட்டுகளைக் குச்சி நட்டு வைத்தாள். விசிறும்போது தட்டில் விழுகிற யூரியாவை எடை பார்த்துவிட்டு, மறுபடி அந்த இடத்திலேயே கொட்டிவிடுவார்களாம். கைராசி தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கினாள். வழக்கம்போல விசிறினாள். பைகள் காலி. கரையேறிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா கூப்பிட்டாள்.

"அக்கா, வாயு வட்டத்துல குறைச்சுப் போட வேண்டிய பாதியில, பலகையை ஒட்டின தட்டுலயெல்லாம் கூட விழுந்திருக்கு. பலகைக்கு அந்தப்புறத் தட்டுல அதே அளவு குறையுது."

"தட்டு சாஞ்சிருக்கும்."

"எல்லா வட்டத்துலயுமா சாயும்?"

கைராசிக்கு ரத்தம் தலைக்கேறியது. "டாக்டரம்மா, நான் இந்த வேலையில இறங்கினப்ப நீங்க பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீங்க. இந்த ஊர்ல எந்த வரப்புலயும் போய் நின்னு என் கையைப் பத்திக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் ஏலக்காரர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவள் ஒன்றுமில்லை என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் எஞ்சிய வட்டங்களுக்கு விசிற வேண்டும். அவள் போனாள். போகாமல் இருந்தால் டாக்டரம்மா சொன்னதை ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்றுதான் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் கண்ணால் அளந்து விசிறினாள். வட்டத்தின் ஓரமாகப் போட்டிருந்த நடைபலகையில் டாக்டரம்மா கூடவே வந்தாள். கைராசி முழு அளவுப் பாதியை முடித்துக்கொண்டு நடுப்பலகையை நெருங்கியபோது அவள் சத்தமாகச் சொன்னாள்:

"அக்கா, அப்படியே நில்லுங்க! கையைப் பாருங்க!"

கைராசி குனிந்து பார்த்தாள். அவள் கை பலகையைத் தாண்டி நீண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. கடைசிப் பிடி யூரியா, முழு அளவுப் பாதிக்குச் சேர வேண்டியது, அந்த வெளுத்த பாதியின் காலடியில் வெள்ளையாகக் கிடந்தது.

அவள் அதை எறிந்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தவளுக்கு என்னென்னவோ ஓடியது. ஆறு பிள்ளைகளில் அவள் மூத்தவள். அம்மா வேலையிலிருந்து வர நேரமாகும், அகப்பை இவள் கையில். பானையில் இருப்பது எல்லாத் தட்டுக்கும் வர வேண்டும், யாரும் சண்டை போடக் கூடாது. கொழுகொழுவென்று இருந்த தம்பி தட்டில் கை கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும், நோஞ்சான் தங்கை தட்டில் கொஞ்சம் சரியும். யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. அந்தக் கைதான் வயலுக்கு வந்தது. அவள் விசிறிய வயல்கள் ஒரே பச்சையாக நின்றது கை சமமாக இருந்ததால் இல்லை. கை வஞ்சகமில்லாமல் ஓரவஞ்சனை செய்ததால். பசித்த பயிருக்குக் கூடவும் கொழுத்த பயிருக்குக் குறைத்தும் கொடுத்து, வயலை அவள் சமமாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். எல்லோர் வயலிலும் அது ராசி. இந்த வட்டத்துக்குள் மட்டும் அது பொய்.

"இதுல உங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லக்கா. முதல்லயே தட்டு வெச்சிருக்கணும், வைக்காதது என் தப்பு" என்றாள் டாக்டரம்மா. "ஆனா இந்தப் பருவத்துக் கணக்கை நான் எடுத்துக்க முடியாது. வாயு இருந்தா பாதி உரமே போதும்னு ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். வாயு இல்லாத வட்டத்துல நடந்திருந்தாலாவது பரவாயில்ல, வாயு வட்டத்துலதான் பயிர் ரொம்ப வெளுக்குது. அங்கதான் உங்க கையும் ரொம்பத் தாராளமா போகுது."

ஊருக்குச் சொன்ன மாதிரிதான் ஏற்கெனவே ஆகியிருந்தது. அறுப்பு முடிந்து பக்கத்து வயல்காரர் களத்தில் தூற்றியபோது நெல்லைவிடப் பதர் அதிகமாகப் பறந்தது. "வாயு எங்கிட்ட வர்றதுக்குள்ள தீர்ந்துபோச்சு போலத் தங்கச்சி" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் சிரிப்புக்கு ஒத்துழைக்கவில்லை. அவர் வரப்பில் நின்று கண்ணால் பார்த்து நம்பியது, தன் கை தூக்கிப் போட்ட பிடிகளைத்தான் என்று கைராசி சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அவரோடு சேர்ந்து பதரைக் கூட்டி ஒதுக்கிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த பருவத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் நேராக ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போனாள். மேசை நிறைய உறைகளில் நெல்மணிகள். டாக்டரம்மா நிமிர்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"என் கை கெடுத்தது. என் கையே சரிபண்ணும். வேற ஆள் வேணாம்."

"அக்கா, உங்களுக்குத் தெரியாமலேயே கை போகுது. தெரியாம நடக்கிறதை எப்படித் தடுப்பீங்க?"

"அது என் பாடு. தட்டு வெச்சுப் பாருங்க. ஒரு தட்டுல கூடக் குறைய இருந்தாலும் நானே போயிடுறேன்."

டாக்டரம்மா கையிலிருந்த உறையை மூடி வைத்தாள். "சரி. நடவுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்றாள்.

கண் பார்த்தால்தானே கை போகிறது? அப்படியானால் கண்ணுக்கு வேலை வேண்டாம். கைராசியின் கணக்கு அவ்வளவு சுருக்கமானது. வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் வீட்டிலிருந்த தட்டு, மூடி, கிண்ணம் எல்லாவற்றையும் பரப்பினாள். பேசினில் மணல். கண்ணில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு விசிறிக்கொண்டே நடந்தாள். நேராக நடப்பதாக நினைத்தாள். துணி துவைக்கிற கல்லில் முட்டிக்கொண்டு நின்றாள்.

ஏலக்காரர் பின்வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கு டிக்கெட் வெச்சா சந்தையை விட நல்ல வருமானம்!"

"சிரிக்கிற வாயை வெச்சு உருப்படியா ஏதாவது செய்யுங்க. அந்தக் கோடியில போய் நின்னு கூப்பிடுங்க, நான் சத்தம் வர்ற பக்கம் வர்றேன்."

"என்னன்னு கூப்பிடுறது? ஏய்ன்னா?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். களத்தின் கோடியில் போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு தரம்!" என்றார். அவள் ஓரடி வைத்து ஒரு பிடி விசிறினாள். "ரெண்டு தரம்!" இன்னோர் அடி, இன்னொரு பிடி. "மூணு தரம்!" பிறகு மறுபடி ஒரு தரம். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, எதை ஏலம் விடுகிறீர்கள் என்று கேட்டாள். "என் பொண்டாட்டியை. கேக்க ஆளில்ல" என்றார் ஏலக்காரர். கட்டிய கண்ணோடு கைராசி ஒரு பிடி மணலை அந்தப் பக்கமாக வீசினாள். அது மட்டும் குறி தப்பாமல் அவர் சட்டையில் விழுந்தது.

தினமும் சந்தை முடிந்து அவர் வந்ததும் இந்தக் கூத்து நடந்தது. குரல் ஒரே சீராக வந்ததால் அடியும் சீரானது, பிடியும் சீரானது. நடவுக்கு முன்னால் டாக்டரம்மா களத்துக்கு வந்து தட்டுகளில் இருந்த மணலை எடை போட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். அதையும் எடை போட்டாள். பிறகு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். குறைந்த அளவுப் பையில் மணல் கலந்து, இரண்டு பைகளையும் ஒரே கனமாக்கிவிடுவது. எது முழுசு எது குறைவு என்று கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

"இதை நீங்க முதல்லயே யோசிச்சிருக்கலாம்" என்றாள் கைராசி.

"இப்பயாவது யோசிச்சேனே" என்றாள் டாக்டரம்மா.

இப்படியாக அந்தப் பருவம், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வயலில் நடக்க, கரையில் நின்று ஒருவர் எதையோ ஏலம் விட, ஊருக்கு நல்ல பொழுதுபோக்காயிற்று. இளம்பயிர் கால் பட்டு மடங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும் என்பதால் கவலையில்லை. முதல் மேலுரத்தில் தட்டுகள் சமமாக வந்தன. இரண்டாவதிலும் வந்தன. துண்டை அவிழ்த்துவிட்டு அவள் வட்டத்தைத் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்குப் போவாள். பார்த்தால் தூக்கம் கெடும் என்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்து வயல்காரர் மட்டும் இதை ஒரு பைசாவுக்கும் நம்பவில்லை. வேலியோரம் கூடிய நாலு பேரிடம் சத்தமாகவே சொன்னார்: "கைராசி இறங்கின வயல்ல எந்தப் பயிராவது பட்டினி கிடக்குமா? கண்ணைக் கட்டினா என்ன, காதைக் கட்டினா என்ன. இவங்க பாதி உரம்னு எழுதிக்குவாங்க, அவ கை முழுசைப் போட்டுட்டு வந்துடும். இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு எனக்கு யாரும் அளவு சொல்ல வேணாம்."

நாலு பேரும் தலையாட்டினார்கள். கைராசி காதில் அது விழுந்தது. பாராட்டு மாதிரி இருந்த அந்தப் பேச்சு அவளுக்கு அடி மாதிரி விழுந்தது. இந்த வட்டத்திலிருந்து எந்தக் கணக்கு வந்தாலும் ஊர் அதை நம்பாது. காரணம் டாக்டரம்மா இல்லை. தன் பெயர்.

கடைசி மேலுரத்துக்கு முன்னால் டாக்டரம்மா அவளைக் கரையில் நிறுத்தினாள். பயிர் இடுப்பளவு உயர்ந்து பொதி கட்டியிருந்தது. ஒவ்வொரு தண்டின் வயிற்றிலும் கதிர் இருந்தது.

"இப்ப கண்ணைக் கட்டிக்கிட்டு இறங்க முடியாதுக்கா. ஒரு தண்டு ஒடிஞ்சாலும் ஒரு கதிர் போச்சு. கணக்கே மாறிடும். வேற யாரையாவது..."

"வேற யாரும் இல்ல" என்றாள் கைராசி. துண்டை உருவிப் புருஷன் தோளில் போட்டாள். "நான் பார்த்துக்கிட்டே போடுறேன்."

முழு அளவுப் பாதி சுலபமாக முடிந்தது. பலகையை நெருங்கும்போது இடது கையால் பேசின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பிடி பலகைக்கு இந்தப்புறமே விழுந்தது. பிறகு மறு பாதிக்குள் காலை வைத்தாள்.

வாயு கசிகிற சத்தம் மெல்ல வந்துகொண்டிருந்தது. பயிர் உயரமாகத்தான் நின்றது. ஆனால் அடி இலைகள் காய்ந்து, மேல் இலைகள் எலுமிச்சை நிறத்துக்குப் போயிருந்தன. வளரச் சொல்லி ஒரு பக்கம் ஊட்டிவிட்டு, வளர்ந்ததற்கு வேண்டியதை மறு பக்கம் கொடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஒவ்வொரு தூரும் அவளைப் பார்த்துக் கேட்பது போல இருந்தது. இத்தனை வருடத்தில் அவளிடம் கேட்ட பயிருக்கு அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர் எதிர்க்கரையிலிருந்து.

கை பேசினுக்குள் போயிற்று. அள்ளியதும் தெரிந்தது, ரொம்ப அள்ளிவிட்டது. கை மேலே வந்து அப்படியே நின்றது. கண்ணில் நீர் முட்டியது. ஏலக்காரர் அடுத்ததைச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஏலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார்.

கைராசி விரலைத் தளர்த்தினாள். கூட வந்தது பேசினிலேயே உதிர்ந்தது. மீதியை விசிறினாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க!" என்று கத்தினாள்.

"ரெண்டு தரம்" என்றார் அவர். குரல் பாதிதான் வந்தது.

அழுதுகொண்டே விசிறினாள். அழுவதை நிறுத்தவும் இல்லை, கையை மாற்றவும் இல்லை. எல்லா வட்டமும் முடிந்து தட்டுகளைப் பார்த்தபோது சமமாக இருந்தன. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கைராசி கையை உருவிக்கொண்டாள். "எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

அறுப்பன்று டாக்டரம்மா ஊர் விவசாயிகளை வரச் சொல்லியிருந்தாள். களத்தில் தனித்தனியாகக் குவியல்கள். வாயு விட்டு முழு உரம் போட்ட குவியல் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. ஆனால் முன்கூட்டியே மாதிரி அறுத்து அந்த அரிசியைச் சோதித்துப் பார்த்ததில் உடம்புக்கு வேண்டிய புரதம் கொஞ்சம் குறைந்திருந்தது என்றாள் டாக்டரம்மா. "வயிறு நிறையும், உடம்புல ஒட்டாது. அதுக்கு என்ன செய்யலாம்னு இனிமேதான் பார்க்கணும்" என்றாள். அதே வாயுவை விட்டுப் பாதி உரம் போட்ட குவியல், வாயு விடாமல் பாதி உரம் போட்ட குவியலைவிட ஒரு கூடைகூட அதிகமில்லை. பக்கத்தில் பதர் மட்டும் தாராளமாகக் கிடந்தது.

பக்கத்து வயல்காரர் குனிந்து அந்தச் சின்னக் குவியலில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைத் தாண்டிக் கைராசியிடம் வந்தார்.

"தங்கச்சி, இவங்க சொல்றதை விடு. உன்னைத்தான் கேக்கிறேன். நீ நிஜமாவே குறைச்சுத்தான் போட்டியா? நீ போட்டா பயிர் பசியா இருக்காதே."

சுற்றி நின்ற எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோர் வயலிலும் அவள் கால் பட்டிருந்தது. அடுத்த பருவம் யார் வயலில் இறங்குவது என்பது இவர்கள் வாயில் இருக்கிறது. இல்லை அண்ணே, என் மனசு கேக்கலை என்று சொன்னால் இன்னும் ஒரு படி உயர்த்தி வைத்துக் கொண்டாடுவார்கள். குவியல் பொய்யாகிவிடும்.

"பட்டினி போட்டேண்ணே" என்றாள். "தெரிஞ்சே போட்டேன். கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் போட்டேன். அது கேட்டுச்சு, நான் கொடுக்கலை."

யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. போன பருவம் நீங்க வரப்புல நின்னு பார்த்தீங்களே, பாதி உரத்துலயே நல்லா நிக்குதுன்னு? அது காத்து ஊட்டினது இல்ல. முழு உரம் போட வேண்டிய பக்கத்துல இருந்து அள்ளி நான் ஊட்டினது. எனக்கே தெரியாம செஞ்சேன். அதை நம்பித்தான் நீங்க குறைச்சீங்க. உங்க களத்துல பதர் பறந்ததுக்குக் காரணம் நான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

பக்கத்து வயல்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்தைவிட்டு இறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அடுத்த பருவம் அவளைத் தேடி வரும் ஆட்கள் குறைந்துதான் போனார்கள். பயிரைப் பட்டினி போட்ட கை என்று ஓரிருவர் சொன்னது அவள் காதுக்கும் வந்தது. பக்கத்து வயல்காரரிடமிருந்து ஆள் வரவில்லை. ஆராய்ச்சி வயலில் முதல் மேலுரத்துக்கு அவள் பேசினோடு போனபோது, வேலிக்கு அந்தப்புறம் அவர் வயலிலும் அதே வேலை நடந்துகொண்டிருந்தது. வேறொரு பெண் விசிறிக்கொண்டிருந்தாள். கைராசிக்கு உள்ளே சுருக்கென்றது.

அப்புறம்தான் வரப்பைப் பார்த்தாள். யூரியா மூட்டைகளை வரிசையாக இறக்கி வைத்திருந்தார் மனிதர். பாதி இல்லை. அள்ளிக் கொட்டுகிற அளவும் இல்லை. டாக்டரம்மா முழு அளவு என்று சொன்ன அதே அளவு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். மூட்டைக்குக் காவலாக அவரே பக்கத்தில் குந்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன்னைக் கூப்பிடலையே அந்த ஆளு" என்றார் ஏலக்காரர் கோபமாக.

"கூப்பிடாட்டிப் போறார்" என்றாள் கைராசி. "நான் சொன்னதை நம்பிட்டார், பார்த்தீங்களா?"

டாக்டரம்மா பையை நீட்டினாள். கைராசி அதைப் பேசினில் கொட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே சேற்றில் இறங்கினாள்.